நடுக்கட்டம்

படிவத்தில் மூன்று கட்டங்கள்:
தொடக்கநிலை, நடுநிலை, தேர்ந்தவர்.
பெரும்பாலோர் நடுவில் குறியிடுகிறார்கள்,
தேர்ந்தவர் அடக்கத்தால்,
தொடங்கியவர் கூச்சத்தால்.
நான் குறியைப் படிப்பதில்லை,
பேனா எவ்வளவு அழுத்தியிருக்கிறது என்று பார்ப்பேன்.

ராடோவான் காகிதம் கிழிய அழுத்தியிருந்தான்.
வீட்ஸ்கே, ஹாலந்துப் பல் மருத்துவர், வயது அறுபத்தொன்று,
ஒரு குறியை அடித்து இன்னொன்றை இட்டு
அதையும் அடித்துவிட்டு
ஓரத்தில் எழுதியிருந்தார்:
"ஏறுவேன். இறங்கத்தான் தெரியாது."

ஸ்வானெட்டியில் மார்ச், காலை ஐந்தரை.
கற்கோபுரங்களின் கீழே
நாய்களும் எழாத தெருவில்
ஒவ்வொருவராய் என்னைக் கடந்துபோகச் சொல்கிறேன்.
அவர்கள் மார்பில் கட்டிய கருவிக்கு
என் கையிலிருக்கும் கருவி கூவ வேண்டும்.
எட்டுப் பேர், எட்டுக் கூவல்.
பனி மூடிவிட்டால்
பெயர் உதவாது, எந்தக் கட்டமும் உதவாது.

பிறகு தோல் ஒட்டும் வேலை.
தோல் என்கிறோம், நைலான் பட்டைதான்.
பனிச்சறுக்குப் பலகையின் அடியில்
ஒரு பக்கம் பசை, மறுபக்கம் மயிர்.
முன்னே தள்ளினால் வழுக்கும்,
பின்னே சரிந்தால் கவ்விக்கொள்ளும்.
"இப்படி ஒரு கணவர் கிடைத்திருக்கலாம்"
என்றார் வீட்ஸ்கே.
முதலில் சிரித்தது நான்தான்.

ஏறுகிறோம்.
ராடோவான் எப்போதும் இருபதடி முன்னால்.
வீட்ஸ்கே தன் மொழியில் எண்ணுகிறார்,
நூறு வரை, மறுபடி ஒன்று.
பெல்ஜியச் சகோதரர் இருவர்
சொத்துச் சண்டையை விமானத்தில் முடித்துவிட்டு வந்தவர்கள்,
பேச்சில்லை, ஆனால் ஒரே ஃபிளாஸ்க்.
பிர்ச் மரங்கள் முடிந்த இடத்தில்
வெயில் எங்களை ஒரேயடியாகப் பிடித்தது.

உச்சிக்கு நூற்றிருபது மீட்டர்.
சரிவு ஒருமுறை
"ஹும்" என்றது.
உள்ளே எங்கோ ஒரு அடுக்கு அமர்ந்த ஓசை,
காதுக்கு முன்னால் முழங்காலுக்குக் கேட்கும்.
கையை உயர்த்தினேன்.

வானம் தெளிவாக இருக்கிறது என்றான் ராடோவான்.
இரண்டு வருடச் சேமிப்பு என்றான்.
இரண்டும் உண்மை.
அவனுக்குப் பதில் சொல்லாமல்
மரங்களருகே, சாய்வு குறைந்த இடத்துக்குத் திரும்பி,
மண்வாரியால் குழி எடுத்தேன்.
மேலே பலகைபோல் இறுகிய பனி,
அடியில் சர்க்கரைபோல் உதிரும் பனி.
அதில் ஒரு பிடி அள்ளி அவன் கையில் வைத்தேன்.
"இதன்மேல் வீடு கட்டுவாயா?"
அவன் கொத்தனார், படிவத்தில் இருந்தது.
மூடி, இறுக்கி, திறந்து பார்த்தான்.
ஒட்டவில்லை.

வந்த வழியே இறக்கம்.
தோல்களை உரித்து மடித்து
வயிற்றோடு அணைத்துக்கொண்டோம்,
பசை குளிர்ந்துவிடக் கூடாது.
வீட்ஸ்கே பதினொரு முறை விழுந்தார்.
ஆறாவது முறை ஒரு கோல் எங்கோ புதைந்தது,
முணுமுணுத்துக்கொண்டே மேலேறித் தேடி எடுத்துவந்தான் ராடோவான்.
பத்தாவது முறை அவர் எழவே முயலவில்லை.
மல்லாந்து கிடந்தபடி,
"இங்கிருந்து உச்சி நன்றாகத் தெரிகிறது" என்றார்.
யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.
அவன் மட்டும் பார்த்தான்.

"நெஸ்தான், எத்தனை தட்டு?"
சமையலறையிலிருந்து சியூரியின் குரல்.
ஒன்பது என்றேன், உடனே,
யோசிக்காமல் சொல்ல முடிகிற நாள் இது.
இறைச்சி ரொட்டியின் ஆவியில் கண்ணாடிகள் மங்கின,
கொடியில் தோல்கள் வௌவால்களாய்த் தொங்கின.
நாளைக்கான குழுக்களை எழுத உட்கார்ந்து
மூன்று தலைப்புகளைப் போட்டேன்.
பெயர்கள் எதிலும் உட்காரவில்லை.

எல்லோரும் தூங்கிய பின்
அடுப்பைச் சுற்றிக் காயும் காலணிகளை எண்ணினேன்.
பதினெட்டு.
மறுபடி எண்ணினேன்.

ஆடை மாற்றும்போதுதான் பார்த்தேன்,
என் நெஞ்சில் அந்தச் சின்ன விளக்கு
இன்னும் சிமிட்டிக்கொண்டிருந்தது.
அணைக்க மறந்திருக்கிறேன்.
அத்தனை நேரமும், சாப்பிடும்போதும்,
யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது,
இங்கே, இங்கே.